புறப்படாதிருக்கும் துணிவு

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சிறு விமானத்தில் அமெரிக்காவைக் கடக்கப் புறப்பட்டாள். இரண்டாம் நாள் காலையில் நடந்தது என்ன? பிள்ளைகளை உயரப் பறக்கச் செய்ய விரும்பும் பெற்றோரும் அவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களும் அதில் கற்க வேண்டியது என்ன?



1996ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகரான ஷையானில் அன்று காலை வானம் கறுத்திருந்தது. குளிர்ந்த மழை பெய்துகொண்டிருந்தது. இடியுடன் கூடிய புயல்மேகம் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வேளையில் ஓடுபாதையை நோக்கி ஒரு சிறு விமானம் நகர்ந்தது. அதில் மூவர் இருந்தனர். முன் இருக்கைகளில் ஒன்றில் ஏழு வயதான ஜெசிகா டுப்ராஃப். மற்றொன்றில் அவளுடைய பயிற்சி ஆசிரியர் ஜோ ரீட், வயது 52. பின்னால் அவளுடைய தந்தை லாயிட் டுப்ராஃப், வயது 57.

காலை 8.24 மணிக்கு அந்த விமானம் தரையை விட்டு எழும்பியது. சில நிமிடங்களுக்குள் அருகிலிருந்த குடியிருப்புப் பகுதியின் சாலையில் விழுந்து நொறுங்கியது. மூவரும் உயிரிழந்தனர். தரையில் இருந்தவர் எவருக்கும் காயம் இல்லை.

உலகமெங்கும் செய்தித்தாள்கள் இதை முதற்பக்கத்தில் வெளியிட்டன. 'ஏழு வயதுக் குழந்தையின் கையில் விமானத்தைக் கொடுக்கலாமா?' என்பதே எல்லோருடைய கேள்வியாயிருந்தது. கேள்வி நியாயமானதே. ஆயினும் விசாரணையின் முடிவுகளைப் பொறுமையாய் வாசிப்பவர்க்கு, அதைவிட ஆழமான வேறொரு கேள்வி தென்படும். அன்று காலையில், 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்ல வேண்டியவர் யார்? அவர் ஏன் சொல்லவில்லை?

சிவப்பு மெத்தையும் அலுமினிய நீட்டிப்பும்

ஜெசிகா கலிபோர்னியா மாநிலத்தில் கடற்கரையை ஒட்டிய பெஸ்கடெரோ என்னும் சிற்றூரில் வளர்ந்தவள். அவளுடைய ஆறாவது பிறந்த நாளுக்குப் பெற்றோர் கொடுத்த பரிசு, சிறு விமானத்தில் ஒரு பயணம். அதிலிருந்து விமானம் ஓட்டும் ஆசை அவளைப் பற்றிக்கொண்டது. ஹாஃப் மூன் பே விமான நிலையத்தில் ஜோ ரீட்டிடம் பாடம் கற்கத் தொடங்கினாள். விபத்துக்கு முன்பு அவள் 33 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாய்ப் பயிற்சி பெற்றிருந்தாள்.

விமானம் நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 177பி, ஒற்றை இன்ஜின், ரீட்டுக்குச் சொந்தமானது. முன்கண்ணாடி வழியே பார்ப்பதற்கு ஜெசிகாவுக்கு உயரம் போதவில்லை. ஆகவே சிவப்பு மெத்தை ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். கால் மிதிகள் எட்டவில்லை. ஆகவே அலுமினியத்தாலான நீட்டிப்புகளைப் பொருத்தினார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாய் அறிந்துகொள்ள வேண்டும். செய்தித்தாள்கள் ஜெசிகாவை 'இளம் விமானி' என்று அழைத்தன. சட்டத்தின் பார்வையில் அவள் விமானி அல்லள். அமெரிக்காவில் தனியாக விமானம் ஓட்டிப் பழகுவதற்கான மாணவர் சான்றுக்கே 16 வயது நிறைந்திருக்க வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது. ஜெசிகா சட்டப்படி ஒரு பயணி மட்டுமே. விமானத்தின் பொறுப்பு முழுவதும் இரட்டைக் கட்டுப்பாடுகளில் ஒன்றைத் தம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்த ரீட்டையே சார்ந்தது.

எட்டு நாள் அட்டவணை

சிறுவர்கள் பெரியவர்களின் துணையோடு நாட்டைக் கடந்து பறப்பது அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு மோகமாயிருந்தது. 1993இல் விக்கி வான் மீட்டர் என்னும் 11 வயதுச் சிறுமி மெய்ன் மாநிலத்திலிருந்து கலிபோர்னியா வரை ஆசிரியருடன் பறந்து புகழ்பெற்றாள். அடுத்த ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்தாள். இத்தகைய முயற்சிகள் ஆபத்தை விளைவிக்கும் என்று கருதிய கின்னஸ் நிறுவனமோ, மிக இளைய விமானி என்னும் சாதனைப் பிரிவை 1989இலேயே கைவிட்டிருந்தது. அதாவது, ஜெசிகா வெற்றி பெற்றிருந்தாலும் அந்தப் புத்தகத்தில் அவள் பெயருக்கு இடம் இருந்திராது.

ஆயினும் ஒரு திட்டம் உருவாயிற்று. மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரையிலுள்ள ஃபால்மவுத் ஊருக்குச் சென்று திரும்ப வேண்டும். ஃபால்மவுத் ஜெசிகா பிறந்த ஊர். எட்டே நாட்கள்! ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் இறங்குவது, எங்கே யாருக்குப் பேட்டி கொடுப்பது என்பவை முன்னரே ஒழுங்கு செய்யப்பட்டன. பயணத்தின் பெயரை அச்சிட்ட தொப்பிகள் ஆயத்தமாயின. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று, பயணத்தைப் படம் பிடிப்பதற்காக வீடியோ கேமராவும் ஒளிநாடாக்களும் கொடுத்தது. ரீட்டின் நேரத்துக்குத் தந்தை கட்டணம் கொடுக்க இசைந்தார்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். ஆசிரியர் ஓர் இருக்கையில். அவருக்குக் கட்டணம் கொடுப்பவர் பின் இருக்கையில். செல்லும் இடமெல்லாம் செய்தியாளர்கள் காத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நிலையில் 'வேண்டாம்' என்னும் சொல் எவ்வளவு பாரமாகிவிடுகிறது!

ஏப்ரல் 10ஆம் தேதி காலையில் பயணம் தொடங்கியது. நெவாடா மாநிலத்தின் எல்கோவில் இறங்கினார்கள். பிறகு வயோமிங் மாநிலத்தின் ராக் ஸ்பிரிங்ஸில் இறங்கினார்கள். மாலையில் ஷையான் வந்து சேர்ந்தார்கள். வழியில் ஓரிடத்தில் ஜெசிகா தூங்கிவிட்டாள். பலத்த காற்றில் இறங்கியபோது ஆசிரியர் உதவ வேண்டியதாயிற்று. ஏழு வயதுப் பிள்ளை தூங்கியதில் வியப்பில்லை. அட்டவணையில் தூக்கத்துக்கு இடம் போதவில்லை, அவ்வளவே.

ஷையானில் அந்தக் காலை

மறுநாள் காலையில் பேட்டிகள் முடிந்தன. உள்ளூர் வானொலி நிலைய அலுவலர் ஒருவர் அவர்களைத் தம் வாகனத்தில் விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். வானிலையைக் கண்டு, 'இங்கேயே தங்கிவிடுங்களேன்' என்று அவர் அழைத்தார். புயலுக்கு முன்பாகவே கடந்துவிட விரும்புவதாகச் சொல்லி ரீட் மறுத்துவிட்டார்.

ரீட் வானிலைத் தகவல் அலுவலருடன் தொலைபேசியில் பேசினார். பறப்புக்குத் தீங்கான நிலைமைகள் அவருக்குத் தெரிவிக்கப்பட்டன. கிழக்கே வானம் வெளுத்திருப்பதாக ரீட் குறிப்பிட்டார். அன்றைய அடுத்த நிறுத்தம் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரம். அதுவும் கிழக்கேதான் இருந்தது. கிழக்கில் வெளிச்சம் தெரிந்தது உண்மையே. ஆனால் அந்த வெளிச்சத்தை எட்டுவதற்கு முன் தலைக்கு மேலிருந்த இருட்டைக் கடந்தாக வேண்டும்.

விமானம் நகரத் தொடங்கியபோது பார்வைத்தூரம் வெகுவாய்க் குறைந்துவிட்டது. கண்ணால் பார்த்து ஓட்டும் சாதாரண விதிகளின்படி புறப்பட முடியாது என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் தெரிவித்தது. சிறப்பு அனுமதி கேட்ட ரீட், விமானிகள் வழங்கும் சொல்லைத் தவறாய்ச் சொன்னார். அலுவலர் விளங்கவில்லை என்றதும் திருத்திக்கொண்டார். இது சிறிய பிழைதான். ஆனால் அவசரத்திலும் களைப்பிலும் இருக்கும் மனம் முதலில் சிறிய பிழைகளில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அதற்குச் சற்று முன் புறப்பட்டுச் சென்ற ஓர் இரட்டை இன்ஜின் விமானத்தின் விமானி, தாழ்வான உயரத்தில் காற்று திடீரென வேகம் மாறுகிறது என்று எச்சரித்திருந்தார். கோபுரம் அதையும் ரீட்டுக்கு அறிவித்தது. அவர் கேட்டுக்கொண்டார். புறப்பட்டார்.

விமானம் ஏன் விழுந்தது?

விமானத்தைத் தூக்கி நிறுத்துவது இறக்கையின்மீது ஓடும் காற்று. அந்தக் காற்று சீராய் ஓட வேண்டுமானால் விமானத்துக்குப் போதிய வேகம் இருக்க வேண்டும். வேகம் குறைந்த நிலையில் மேலே ஏறும் பொருட்டு மூக்கை மேலும் மேலும் உயர்த்தினால், ஓர் எல்லைக்குப் பின் காற்று இறக்கையை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும். உடனே தூக்கும் விசை குன்றிப்போகும். இதை விமானிகள் 'ஸ்டால்' என்பார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும்; ஆனால் இறக்கை தன் வேலையை விட்டுவிடும்.

இதிலிருந்து மீளும் வழி எல்லா மாணவர்களுக்கும் கற்பிக்கப்படுகிறது. மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் கூட்டி, பிறகு மெல்ல நிமிர வேண்டும். அதற்கு உயரம் தேவை. ஆகவேதான் பயிற்சியின்போது மிக உயரத்தில் வைத்து இதைப் பழக்குகிறார்கள். தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் இது நேரிட்டால், மீள்வதற்கு இடமே இல்லை.

அன்று காலையில் அந்த விமானத்தை ஸ்டாலுக்கு அருகில் தள்ளிய காரணங்கள் பல.

முதலாவது, ஊரின் உயரம். ஷையான் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்குமேல் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்தால் இன்ஜின் வலு குறையும். விமானம் மெதுவாகவே மேலேறும். ரீட் பெரும்பாலும் கடலோர நிலையத்திலிருந்து பறந்து பழகியவர்.

இரண்டாவது, பாரம். புறப்படும்போது அந்த விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,500 பவுண்டு, அதாவது சுமார் 1,134 கிலோ. புறப்பட்டபோது அது அனுமதிக்கப்பட்ட அளவைவிட 96 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 44 கிலோ, அதிகமாயிருந்தது. பாரம் கூடினால் ஸ்டால் ஆகாமல் பறப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகமும் கூடும்.

மூன்றாவது, காற்று. எதிர்க்காற்று திடீரெனத் தணிந்தாலோ திசை மாறினாலோ, இறக்கையின்மீது ஓடும் காற்றின் வேகம் ஒரு நொடியில் குறைந்துவிடும்.

நான்காவது, திருப்பம். புறப்பட்ட பின் விமானம் கிழக்கு நோக்கி வலப்பக்கமாய்த் திரும்பியது. திரும்பும்போது விமானம் சாய்கிறது. சாயும்போது இறக்கை அதிகப் பாரத்தைத் தாங்க வேண்டியதாகிறது. ஆகவே திருப்பத்திலும் அதிக வேகம் வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் விமானத்திடம் 'இன்னும் வேகம் கொடு' என்று கேட்டன. மெலிந்த காற்றில் மூச்சுத் திணறிய இன்ஜினால் அந்த வேகத்தைக் கொடுக்க முடியவில்லை. தாழ்வாய், மெதுவாய் அது ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். பிறகு அது ஒருபக்கமாய்ச் சாய்ந்து, ஏறக்குறைய செங்குத்தாகத் தரையை நோக்கி விழுந்தது.

விசாரணை சொன்ன உண்மை

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்தை ஆராய்ந்தது. விழுந்தபோது விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் சிறுமி அல்லள், ஆசிரியர் ரீட்தான் என்று வாரியம் முடிவு செய்தது. ஆம், குழந்தையின் கை தவறியதால் இது நேரிடவில்லை.

வாரியம் கண்ட காரணம் இது: வானிலை மோசமாகிக்கொண்டிருந்தபோது, அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு, பழக்கமில்லாத உயரத்து மெலிந்த காற்றில் புறப்பட ரீட் எடுத்த தவறான முடிவு. அதனால் போதிய வேகத்தைக் காத்துக்கொள்ள முடியாமல் விமானம் ஸ்டால் ஆயிற்று. இதற்குத் துணை நின்ற காரணமாக, மிதமிஞ்சிய பயண அட்டவணையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற விருப்பத்தையும், அந்த விருப்பத்துக்கு ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகள் ஒரு பகுதிக் காரணமானதையும் வாரியம் குறிப்பிட்டது.

ரீட் அனுபவமற்றவர் அல்லர். 1,400 மணி நேரத்துக்குமேல் பறந்தவர். வானிலையைக் கேட்டார், எச்சரிக்கைகளையும் கேட்டார். தாம் ஆபத்தை நோக்கிப் போகிறோம் என்று எண்ணியிருந்தால் அன்று அவர் புறப்பட்டிருக்கமாட்டார். அறியாமை அவரை வீழ்த்தவில்லை. அறிந்ததைவிட அட்டவணை பெரிதாகிப்போனதே அவரை வீழ்த்தியது.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. உரிமம் பெறாத ஒருவர் சாதனை படைப்பதற்காகவோ போட்டிக்காகவோ பறக்க முயல்கிறார் என்று தெரிந்தால், அவர் கையில் விமானத்தின் கட்டுப்பாட்டைக் கொடுக்கக் கூடாது என்று அது விமானிகளைத் தடை செய்தது. கவனியுங்கள்: சிறுவர்கள் ஆசிரியரோடு பறந்து பழகுவதை அது முற்றிலும் தடுக்கவில்லை. சாதனைக்காகவும் போட்டிக்காகவும் பறப்பதையே தடுத்தது. நோய் எங்கே இருந்ததோ அங்கேயே மருந்து இடப்பட்டது.

பறக்கப் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

நம் நாட்டிலும் விமானியாக வேண்டும் என்று விரும்பும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். இங்கே மாணவர் விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 16. வணிக விமானி உரிமத்துக்கு 18. வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதற்காகப் பல லட்ச ரூபாயைக் கடனாய்ப் பெற்றுக் கட்டும் குடும்பங்கள் உண்டு. கடன் வட்டி ஏறும்போது, 'இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி? எப்போது முடிப்பாய்?' என்று வீட்டிலிருந்து கேள்வி போகிறது. பிள்ளை அதைச் சுமந்துகொண்டே விமானத்தில் ஏறுகிறான்.

ஆகவே பயிற்சிப் பள்ளியைத் தெரிந்தெடுக்கும்போது கட்டணத்தை மாத்திரம் கேளாதிருங்கள். வானிலை சரியில்லாத நாளில் பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று கேளுங்கள். மாணவன் தனியாகப் பறக்க எவ்வளவு காற்று வரைக்கும் அனுமதி என்பது எழுத்தில் உள்ளதா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் எடையைக் கணக்கிட்டுப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஆசிரியர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பறக்கிறார், ஓய்வு எடுக்கிறாரா என்று கேளுங்கள். 'இன்று நான் ஆயத்தமாயில்லை' என்று ஒரு மாணவன் சொன்னால் அங்கே அவனைப் பரிகசிப்பார்களா, பாராட்டுவார்களா என்று அறிந்துகொள்ளுங்கள்.

அதன்பின் உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "நீ பறக்காமல் திரும்பி வந்த நாளுக்காக நான் உன்மேல் ஒருபோதும் கோபப்படமாட்டேன்." வீட்டிலிருந்து இந்த வாக்குறுதியைப் பெற்ற பிள்ளை, ஓடுபாதையின் முனையில் நிற்கும்போது சுயாதீனமாய் முடிவெடுப்பான்.

நம் எல்லோருக்கும்

விமானம் ஓட்டாத வீடுகளிலும் அட்டவணைகள் இருக்கின்றன. நகரத்துக்கு வந்து, பிழைப்புக்காகப் பாடுபட்டு, 'நாம் அடையாததை நம் பிள்ளை அடைய வேண்டும்' என்று விரும்புவது பாவமல்ல. ஜெசிகாவின் தந்தையும் மகளை நேசித்தவர்தான். அவளுடைய ஆசையை மதித்தவர்தான். அவளோடுகூட அதே விமானத்தில் ஏறியவர்தான். நேசம் குறைந்ததால் இது நடக்கவில்லை. நேசம் ஓர் அட்டவணையாக மாறி, அட்டவணை ஒரு காட்சியாக மாறி, காட்சியை நிறுத்த ஒருவருக்கும் வாய் வராமற் போனதாலேயே நடந்தது.

பிள்ளையின் திறமையைப் பார்த்து நாம் மகிழும்போது, ஒரு கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்ளுவோம். ஒருவரும் பார்க்காவிட்டாலும், படம் எடுக்காவிட்டாலும், இந்த நாளில் இந்த வேகத்தில் இதை நாம் செய்வோமா? 'இல்லை' என்று பதில் வருமானால், அங்கே நின்றுவிடுவது நலம்.

அன்று ஷையானில் தங்கியிருந்தால் என்ன நட்டம் ஆகியிருக்கும்? சில பேட்டிகள் தள்ளிப்போயிருக்கும். எட்டு நாள் பயணம் ஒன்பது நாளாகியிருக்கும். மே 5ஆம் தேதி ஜெசிகாவுக்கு எட்டு வயது நிறைந்திருக்கும். அதற்கு 24 நாட்களே மீதியிருந்தன. 'ஏழு வயதில் கடந்தாள்' என்னும் பெயர் ஒருவேளை அவளுக்குக் கிடைக்காமற் போயிருக்கலாம். ஆனால் எட்டு வயதும், பதினாறு வயதும், உரிமம் பெற்றுத் தனியாகப் பறக்கும் ஒரு தெளிந்த காலைப்பொழுதும் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடும்.

புறப்படுவதற்குத் துணிவு வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கிறோம். அன்பான பெற்றோரே, புறப்படாதிருக்கவும் துணிவு வேண்டும். அதையும் கற்றுக்கொடுங்கள். முதலில் நாமே அதைக் கற்றுக்கொள்ளுவோம்.